ப்ராஜெக்ட் பேட்சில் நாலு பேர், வேலை செய்வது ஒருவர்: குழுப்பணியை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

கேட்டவர் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இசிஇ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) துறை உதவிப் பேராசிரியர். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் 60 பேருக்கு ‘தகவல் தொடர்பும் குழுப்பணியும்’ என்ற பாடத்தை வாரம் இரண்டு பீரியட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முன்பு எடுத்தவர் விட்டுப்போன பிபிடி கையில் இருக்கிறது. அதை நடத்தினால் வகுப்பு தூங்குகிறது. ப்ராஜெக்ட் பேட்ச் போட்டால் ஒருவர் செய்ய மற்ற மூவரும் பெயர் போட்டுக்கொள்கிறார்கள். ஜிடி (குழு விவாதம்) வைத்தால் நாலைந்து பேர் கத்துகிறார்கள், மீதிப் பேர் வாயே திறப்பதில்லை. இதையெல்லாம் எப்படிக் கற்றுக்கொடுப்பது, எதை வைத்து மார்க் போடுவது, புது முறைக்குத் துறைத் தலைவர் (எச்ஓடி) சம்மதிப்பாரா என்பது கேள்வி.

மெக்கானிக்கல் துறையில் பாடம் எடுத்துக்கொண்டு, வருஷா வருஷம் ப்ராஜெக்ட் ரிவ்யூக்களில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆங்கிலத் துறைக்காரர்கள் சிலவற்றை வேறு மாதிரி சொல்லக்கூடும்.

முதலில் அந்த பிபிடியை மூடி வையுங்கள். அனுப்புநர், பெறுநர், ஊடகம், இரைச்சல் என்று அம்புக்குறி போட்ட படத்தை நம் பிள்ளைகள் 13 மார்க் கேள்விக்கு அழகாக வரைந்துவிடுவார்கள். அதே பையன் மறுநாள் லேபில் பக்கத்து மேஜைக்காரனிடம் அலைக்காட்டியில் (ஆசிலோஸ்கோப்) எந்த நாபைத் திருப்ப வேண்டும் என்று புரியும்படி சொல்ல முடியாமல், “தள்ளுடா, நானே பண்றேன்” என்பான். குழு உருவாகும் கட்டங்கள் என்று அமெரிக்க உளவியலாளர் டக்மன் 1965ல் எழுதியதை மனப்பாடம் செய்தவர்கள் நாலாவது வாரமே பேட்ச் மாற்றிக் கொடுங்கள் என்று எச்ஓடி அறைக்கு வெளியே நிற்பார்கள். இந்தப் பாடத்தில் விரிவுரை ஒரு மணி நேரத்தில் பத்து நிமிஷத்தைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. மீதி நேரமெல்லாம் அவர்கள் கையில் வேலை இருக்க வேண்டும். நீங்கள் உழைக்க வேண்டியது அந்த வேலையை அமைப்பதில்.

இப்போது பேட்சில் என்ன நடக்கிறது? நாலு பேரில் ஒருவன் புரோகிராம் எழுதுகிறான் அல்லது சர்க்யூட் போடுகிறான். ஒருத்தி ரிப்போர்ட் டைப் செய்கிறாள். இன்னொருவன் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவுக்குப் போய் சாமான் வாங்கி வருகிறான். நாலாமவன் பைண்டிங், ஸ்பைரல், ஜெராக்ஸ். சில பேட்சுகளில் இதுவும் கிடையாது. ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி மொத்தமாக வாங்கி வந்து, வைவாவுக்கு முதல் நாள் இரவு என்ன வாங்கினோம் என்று படிப்பார்கள். இதைப் பார்த்து இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்று சலித்துக்கொள்ளும் ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதில்லை. நாலு பேருக்கும் ஒரே மார்க் என்று நாம் சொல்லிவிட்டோம். யார் என்ன செய்தார் என்று கேட்கவும் போவதில்லை. அந்த நிலையில் வேலையைத் தெரிந்தவனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்தான்.

இது நம் ஊர்க் கோளாறும் இல்லை. மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து விசையை அளந்து 1913ல் வெளியிட்டார். ஆள் கூடக் கூடத் தலைக்கு விசை குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒருவர் பங்கு தனியாக இழுத்ததில் ஏறக்குறைய பாதிதான். 1979ல் அமெரிக்காவில் உளவியலாளர் லதானேயும் அவரோடு இருந்தவர்களும் கைதட்டல், கூச்சல் ஆகியவற்றை வைத்து இதையே காட்டினார்கள். அவர்களே 1981ல் செய்த அடுத்த சோதனைதான் ஆசிரியருக்கு முக்கியம். கூட்டமாகக் கத்தும்போதும் ஒவ்வொருவர் சத்தமும் தனித்தனியாக அளக்கப்படுகிறது என்று தெரிந்தவுடன் இந்தத் தொய்வு காணாமல் போனது. ஆள் மாறவில்லை, வேலை மாறவில்லை. தன் பங்கு தெரியும் என்பது மட்டும் மாறியது.

ஆக இரண்டு விஷயம் வேண்டும். ஒருவர் இல்லாமல் மற்றவர் முடிக்க முடியாதபடி வேலை பின்னியிருக்க வேண்டும். ஒவ்வொருவர் பங்கும் வெளியே தெரிய வேண்டும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜான்சன் சகோதரர்கள் கூட்டுக் கற்றலுக்குச் சொன்ன நிபந்தனைகளிலும் இவையே தலையானவை. இனி நான் சொல்லும் பயிற்சி எதை எடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான் இருக்கும்.

முதல் வகுப்புக்கு ஒரு பயிற்சி. ஹாஸ்டல் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற இரண்டு மோட்டார்களில் ஒன்றை வாங்க வேண்டும். நாலு பேருக்கும் தனித்தனித் தாள். ‘அ’ மோட்டார் விலை குறைவு, கரண்டும் குறைவு, உள்ளூரிலேயே சர்வீஸ் உண்டு என்று எல்லார் தாளிலும் இருக்கும். ‘ஆ’ மோட்டார் 2,000 ரூபாய் கூடுதல் என்பதும் எல்லாருக்கும் தெரியும். அப்புறம் ஆளுக்கு ஒரு தகவல். முதல் ஆளின் தாளில் மட்டும், ‘அ’ அதிகபட்சம் 24 மீட்டர் உயரத்துக்கும் ‘ஆ’ 35 மீட்டருக்கும் ஏற்றும் என்று இருக்கும். இரண்டாவது ஆளுக்கு மட்டும் தொட்டி தரையிலிருந்து 21 மீட்டர் என்று தெரியும். கோடையில் சம்ப்பில் தண்ணீர் மட்டம் தரைக்கு 5 மீட்டர் கீழே இறங்கும் என்பது மூன்றாமவர் தாளில். குழாய் பழையது, உள்ளே உப்புப் படிந்திருக்கிறது என்பது நாலாமவர் தாளில். தாளைக் காட்டக் கூடாது, பேசலாம். பத்து நிமிஷம்.

பெரும்பாலான குழுக்கள் ‘அ’ என்றுதான் எழுதும். காரணம், எல்லார் தாளிலும் உள்ளதை எல்லாரும் சொல்லிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்வார்கள். தன்னிடம் மட்டும் இருக்கும் தகவல் முக்கியமா என்று ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். 21ஐயும் 5ஐயும் கூட்டினால் 26, அதுவே 24ஐத் தாண்டிவிட்டது, உராய்வு இழப்பு வேறு இருக்கிறது என்று பலகையில் நீங்கள் எழுதும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். ஸ்டாசர், டைட்டஸ் என்ற உளவியலாளர்கள் 1985ல் மாணவர் தலைவர் பதவிக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சி ஒன்றை வைத்துக் கண்டதும் இதுதான்: குழு பொதுவாகத் தெரிந்ததையே பேசும், தனித் தகவல் அமுங்கிப்போகும். நான் அதை நம் பிள்ளைகளுக்குப் பிடிபடும் மாதிரி மோட்டாராக மாற்றிக்கொண்டேன். நீங்கள் இசிஇக்காக பேட்டரி, சென்சார் என்று மாற்றிக்கொள்ளலாம். தகவல் தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணமாகவும், சேர்த்துப் பார்த்தால் முடிவைப் புரட்டுவதாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உனக்கு மட்டும் தெரிஞ்சது என்னன்னு உன் குழுவில யாராவது கேட்டாங்களா?”

இதைப் பாட வகுப்போடு சேர்த்துச் செய்ய இன்னொரு வழி உண்டு. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் லாரி மைக்கேல்சன் 1970களின் கடைசியில் தொடங்கியது. வகுப்பு பெரிதாகிப் போனபோது விரிவுரையைக் குறைத்து, முதலில் தனித்தனியாக ஒரு சின்ன டெஸ்ட், உடனே அதே டெஸ்ட்டைக் குழுவாகவும் எழுதச் சொன்னார். பின்னாளில் குழுவுக்கு, விடைக்கட்டத்தைச் சுரண்டிப் பார்க்கும் அட்டை வந்தது. முதல் சுரண்டலிலேயே சரியான விடை வந்தால் முழு மார்க், இரண்டாவதில் பாதி. 1989ல் அவரும் இருவரும் வெளியிட்ட ஆய்வில் 222 குழுக்கள். ஏறக்குறைய எல்லாமே தங்களில் சிறந்த மாணவரின் தனி மார்க்கைவிட அதிகம் வாங்கியிருந்தன. இதைச் சொல்லி டாப்பர்களை வழிக்குக் கொண்டுவரலாம். சுரண்டும் அட்டை இங்கே எளிதில் கிடைக்காது; விடைக்கட்டங்களின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தாலும் வேலை நடக்கும்.

இதில் எனக்குப் பிடித்த இடம் மார்க் கிடையாது. தனித்தாளில் ஒரு பெண் சரியான விடை எழுதியிருப்பாள். குழுத்தாளில் தவறாக இருக்கும். அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, “விடை உங்க மேஜையிலேயே இருந்திருக்கு, எங்கே போச்சு?” என்று கேட்டால் போதும். ‘உரக்கப் பேசியவன் சரியாகச் சொன்னான் என்று நினைத்தோம்’ என்பதை அவர்களே சொல்வார்கள். அந்தப் பெண்ணுக்கும் அடுத்த வாரம் கொஞ்சம் குரல் வரும்.

ஆங்கிலத்தைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். நம் கல்லூரிகளில் ‘கம்யூனிகேஷன்’ என்றால் ஆங்கிலம் பேசுவது என்றே ஆகிவிட்டது. இரண்டையும் பிரித்துவிடுங்கள். 2021 முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்கள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். ஆங்கிலத்தில்தான் விவாதிக்க வேண்டும் என்று கட்டாயம் போட்ட அடுத்த நிமிஷம் அவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுகிறார்கள். அவர்களிடம் இருக்கும் தகவல் மேஜைக்கு வராது. நான் வைக்கும் விதி: குழுவுக்குள் பேசுவது எந்த மொழியிலும், எந்தக் கலவையிலும் இருக்கலாம்; எழுதிக் கொடுப்பதும் ரிவ்யூவில் சொல்வதும் ஆங்கிலத்தில். சென்னை ஓஎம்ஆர் சாலையில் நம் பிள்ளைகள் வேலை பார்க்கும் அலுவலகங்களிலும் பக்கத்து சீட்டுக்காரரோடு தமிழில் பேசிவிட்டு மெயிலை ஆங்கிலத்தில்தான் அனுப்புகிறார்கள். தமிழில் தெளிவாக யோசித்து முடித்த விஷயத்தை ஆங்கிலத்தில் எழுதுவது பாதி வேலை. தமிழிலும் தெளிவில்லாததை ஆங்கிலத்தில் மூடி மறைப்பதுதான் இப்போது நடப்பது. 2022ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வருகிறது, அது வரட்டும். உங்கள் இரண்டு பீரியடையும் அதற்கே கொடுத்துவிடாதீர்கள்.

ஜிடி வைப்பதை என்னைக் கேட்டால் விட்டுவிடலாம். அது கம்பெனிக்காரர்கள் ஆளைக் கழிக்க வைத்துக்கொண்ட முறை. சேர்ந்து வேலை செய்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிளேஸ்மென்ட் செல் கேட்டால் கடைசி செமஸ்டரில் இரண்டு நாள் பழக்கிக்கொள்ளட்டும்.

சொல்வதைப் புரியும்படி சொல்வதற்கு வருகிறேன். இதில் பெரிய தடை, தனக்குத் தெரிந்தது எதிராளிக்கும் தெரியும் என்ற நினைப்பு. எலிசபெத் நியூட்டன் 1990ல் ஸ்டான்ஃபோர்டில் செய்த ஒரு சோதனை வகுப்புக்கு அருமையாக ஒத்துவரும். ஒருவர் மனதில் ஒரு பாட்டை நினைத்துக்கொண்டு அதன் தாளத்தை மேஜையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவர் காதில் இசை, வாத்தியம், பாடகர் குரல் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பவருக்கு டொக் டொக் மட்டும்தான். எல்லாருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டுகளை வைத்து உங்கள் வகுப்பில் செய்து பாருங்கள். தட்டுகிறவர், “இது கூடத் தெரியலையா!” என்று எரிச்சல்படுவதை வகுப்பு பார்க்க வேண்டும். பிபிடியை வேகமாக ஓட்டும் மாணவன் முகத்திலும் அதே எரிச்சல்தான் இருக்கும். நம்மில் சில ஆசிரியர்கள் முகத்திலும்தான்.

அடுத்தது எழுத்து. லேப் ரெக்கார்டு நம்மிடம் செத்துப்போன ஒரு வடிவம். நோக்கம், தேவையான கருவிகள், செய்முறை, முடிவு என்று சீனியர் நோட்டைப் பார்த்து அப்படியே இறக்கிவிடுவார்கள். அதை ஒரே ஒரு முறை மாற்றிப் பாருங்கள். ஏதாவது ஒரு சின்னச் சோதனையின் செய்முறையை, அதை இதுவரை செய்யாத முதலாண்டு மாணவர் உங்கள் தாளை மட்டும் பார்த்துச் செய்யும்படி எழுது என்று சொல்லுங்கள். பிறகு நிஜமாகவே ஒரு முதலாண்டு மாணவரைக் கூட்டி வாருங்கள். எழுதியவர் பக்கத்தில் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது, கை காட்டக் கூடாது. ஜூனியர் மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை எந்த ஓட்டையில் செருகுவது என்று தாளைப் புரட்டிப் புரட்டித் தேடுவார். எழுதியவருக்கு வியர்க்கும். அப்புறம் தாளைத் திருத்தச் சொல்லி, வேறு ஒரு ஜூனியரிடம் கொடுங்கள். நீங்கள் ஒரு சிவப்பு மையும் வைக்காமலே இரண்டாவது தாள் எவ்வளவு மாறியிருக்கும் என்று பாருங்கள். எழுத்துத் தொடர்புக்கு ஒரு செமஸ்டரில் ஒரே பயிற்சிதான் வைக்க முடியும் என்றால் இதை வைப்பேன்.

‘இதெல்லாம் ஆர்ட்ஸ் காலேஜ் விஷயம், எங்களுக்கு எதற்கு’ என்று கேட்பவர்களுக்கு 1999ல் செவ்வாய்க்குப் போன நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் கதையைச் சொல்லுங்கள். விண்கலத்தைக் கட்டிய நிறுவனத்தின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது. வாங்கிப் பயன்படுத்திய ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது. கலம் செவ்வாய்க்கு மிக அருகே போய்த் தொலைந்தது. பாதைக் கணக்கில் ஏதோ இடிக்கிறது என்று சிலர் முன்பே கவனித்திருந்தார்கள்; முறையான வழியில் அது மேலே போகவில்லை. இங்கே கணக்குத் தெரியாதவர் யாரும் இல்லை. கெட்ட செய்தியை யாரிடம், எந்த வடிவத்தில் சொல்வது என்பதுதான் அறுந்துபோன இடம்.

கெட்ட செய்தி சொல்வதைத் தனியாகவே பழக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு ‘முடியலை’ என்று சொல்ல வராது. “கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு”, “நைட்டு போட்டுடுறேன்டா” என்று வாட்ஸாப்பில் போடுவார்கள். மற்ற மூவருக்கும் நீல டிக் விழும், பதில் இருக்காது. ரிவ்யூ அன்று காலையில்தான் ஒன்றுமே நடக்கவில்லை என்று தெரியும். இதற்கு ஒரு சின்ன ஒழுங்கு: வாரா வாரம் ஆளுக்கு மூன்று வரி. என்ன முடிந்தது, எங்கே நிற்கிறது, யாரிடமிருந்து என்ன வேண்டும். ‘கிட்டத்தட்ட’, ‘ஓரளவு’, ‘பார்த்துக்கிட்டு இருக்கேன்’ ஆகிய சொற்களுக்குத் தடை. நிற்கிறது என்று எழுதியவனைத் திட்டாதீர்கள். முதல் வாரமே திட்டினால் அடுத்த வாரம் எல்லாத் தாளிலும் எல்லாம் முடிந்திருக்கும்.

குழுவை யார் அமைப்பது? நீங்கள்தான். நண்பர்களாகச் சேரவிட்டால் ஊர், பஸ் ரூட், படித்த மீடியம், பல இடங்களில் சாதியும் பார்த்துத்தான் சேர்வார்கள், அதை நாம் பார்க்காத மாதிரி இருப்போம். ரோல் நம்பர்படி போட்டால் அகர வரிசையில் விழும் தற்செயல். எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் 1971ல் டெக்சாஸின் ஆஸ்டின் பள்ளிகளில் இன ஒதுக்கல் நீங்கி எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒவ்வொருவர் கையிலும் பாடத்தின் ஒரு துண்டைக் கொடுத்து மற்றவருக்கு அவரே கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அமைத்தார். பகை குறைய அது உதவியது. நம் வகுப்பறைச் சுவர்களுக்கும் அது பொருந்தும்.

நாலு பேர் போதும்; ஆறு பேர் என்றால் இரண்டு பேர் மறைந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். மூன்று பையன்களோடு ஒரே ஒரு பெண்ணைப் போடாதீர்கள். ரிப்போர்ட் டைப் செய்வதும் நோட் எடுப்பதும் அவள் தலையில் விழும். இரண்டு பெண்களாகப் போடுங்கள், அல்லது அந்தக் குழுவில் பெண்ணே வேண்டாம். பார்பரா ஓக்லியும் ரிச்சர்ட் ஃபெல்டரும் இன்னும் இருவரும் 2004ல் எழுதிய கட்டுரை இந்த விஷயத்தில் பொறியியல் ஆசிரியர்களுக்கு நல்ல கையேடு. அதில் குழுவுக்குப் பொதுவான ஓய்வு நேரம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். நம் ஊரில் இது மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். சாயங்காலம் காலேஜ் பஸ் கிளம்பிவிடும். டே ஸ்காலருக்கு அதை விட்டால் வேறு வழி இருக்காது. லேடீஸ் ஹாஸ்டல் கேட் இருட்டும் முன்பே மூடிவிடும். ‘வகுப்புக்கு வெளியே சந்தித்துப் பேசுங்கள்’ என்று சொல்லும் ஆசிரியர் இதை யோசிப்பதில்லை. உங்களுக்குக் கிடைத்த இரண்டு பீரியடில் ஒன்றைக் குழு கூடுவதற்கே கொடுத்துவிடுங்கள். அப்போது நீங்கள் மேஜை மேஜையாகப் போய் நின்று கேட்கவும் முடியும்.

முதல் சந்திப்பிலேயே ஒரு பக்க ஒப்பந்தம் எழுத வையுங்கள். கூட்டத்துக்கு வராவிட்டால் என்ன, வேலை முடியாவிட்டால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும், கருத்து வேறுபாடு வந்தால் எப்படி முடிவெடுப்பது என்று. எல்லாரும் நண்பர்களாக இருக்கும்போது எழுதினால்தான் அது பின்னால் உதவும். மூன்றாவது நாலாவது வாரத்தில் சண்டை வரும். அதற்காகக் குழுவைக் கலைக்காதீர்கள். நாலு பேரையும் உட்கார வைத்து, ஒருவர் தன் குறையைச் சொன்ன பிறகு, அடுத்தவர் பதில் சொல்லும் முன் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். முதலாமவர் ‘ஆமா, அதைத்தான் சொன்னேன்’ என்ற பிறகே பதில். அரை மணி நேரம் ஆகும். பாதிச் சண்டை திருப்பிச் சொல்லும்போதே கரைந்துவிடும்.

வேலையே செய்யாதவனைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். முதலில் விசாரியுங்கள். கேட்டரிங் வேலைக்குப் போகிறானா, சாயங்காலம் உணவு டெலிவரி செய்கிறானா, அரியர் பேப்பர்களில் மூழ்கியிருக்கிறானா என்று. அப்படியானால் குழு அவனுக்கு ஏற்ற நேரத்தில் ஏற்ற பங்கைக் கொடுக்க முடியும். காரணமே இல்லாமல் ஒதுங்குகிறவன் என்றால், அந்த வாரச் சமர்ப்பிப்பில் அவன் பெயரைப் போடாமல் விடும் உரிமை குழுவுக்கு உண்டு என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். எச்சரித்தும் திருந்தாவிட்டால் குழுவிலிருந்து நீக்கலாம் என்பதையும் ஓக்லி குழுவினர் சொல்கிறார்கள். விதி இருக்கிறது என்று தெரிந்தாலே பெரும்பாலும் பயன்படுத்த வேண்டி வராது.

இதன் மறுபக்கத்தை யாரும் குறை சொல்வதில்லை: எல்லா வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொள்ளும் டாப்பர். அவனுக்கு நாம் கைதட்டுகிறோம். மற்றவர் செய்தால் ஒன்பது சிஜிபிஏ கெட்டுவிடும் என்ற பயத்தில் யாரையும் தொடவிடமாட்டான். அவனும் குழுப்பணியில் ஃபெயில்தான். சயன்ஸ் இதழில் 2010ல் வுல்லியும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வில் 699 பேரைச் சின்னச் சின்னக் குழுக்களாக்கிப் பல வேலைகள் கொடுத்துப் பார்த்தார்கள். குழுவின் திறமைக்கும் அதிலிருந்த மிகப் புத்திசாலியின் திறமைக்கும் தொடர்பு பலவீனமாகவே இருந்தது. பேச்சு எல்லாரிடமும் ஓரளவு சமமாகப் பரவியிருந்த குழுக்கள் நன்றாகச் செய்தன. ஒரு சிலர் மட்டும் பேசிய குழுக்கள் பின்தங்கின.

சரி, மார்க். என் அனுபவத்தில் மற்ற எல்லா உபாயத்தையும்விட அதிகம் வேலை செய்தது ஒரே ஒரு விதி: ரிவ்யூவில் யார் எந்தப் பகுதியை விளக்க வேண்டும் என்பதை அந்த நிமிஷத்தில் நான் தேர்வு செய்வேன். புரோகிராம் எழுதியவனை சாமான் விலையைச் சொல்லச் சொல்வேன். ரிப்போர்ட் டைப் செய்தவளை சர்க்யூட்டை விளக்கச் சொல்வேன். அவர் சொல்வதுதான் நாலு பேருக்கும் மார்க். இது தெரிந்ததும் குழுவுக்குள் ஒருவருக்கொருவர் பாடம் நடத்த ஆரம்பித்துவிடுவார்கள். டாப்பருக்கும் இது ஒரு கடிவாளம். மற்றவருக்குப் புரிய வைக்காமல் அவன் மார்க் ஏறாது. ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கி வந்த பேட்ச் இரண்டாவது கேள்வியில் தடுமாறிவிடும்.

கூடவே சக மாணவர் மதிப்பீடு. பர்டியூ பல்கலைக்கழகத்திலிருந்து வரும் கேட்மி என்ற முறை ஐந்து விஷயங்களைக் கேட்கிறது: வேலையில் பங்கு, மற்றவரோடு பழகும் விதம், குழுவைத் தடத்தில் வைத்திருப்பது, தரத்தை எதிர்பார்ப்பது, தேவையான அறிவும் திறனும். ஒவ்வொன்றுக்கும் நடத்தையை விவரித்து ஒன்று முதல் ஐந்து வரை. உதாரணமாக நாலு பேருக்கு மற்றவர்கள் கொடுத்த சராசரி 4.4, 4.2, 4.0, 3.0 என்று வைத்துக்கொள்வோம். குழுச் சராசரி 3.9. குழு வாங்கியது 50க்கு 40 என்றால், நாலாமவருக்கு 3.0ஐ 3.9ஆல் வகுத்தால் 0.77; 40ஐ அதனால் பெருக்கினால் ஏறக்குறைய 31. மேலே இருப்பவர்களுக்குப் பெருக்கு எண் 1.05ஐத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தால் 42. இந்த வரம்பு இல்லாவிட்டால் தானே எல்லாவற்றையும் செய்பவனுக்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

நம் பிள்ளைகள் எல்லாருக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டுக் கொடுப்பார்கள் என்று சொல்வீர்கள். போடுவார்கள். நண்பனைக் காட்டிக்கொடுப்பது நம் ஊரில் பெரிய குற்றம். அதனால் ஆறாவது வாரத்தில் மார்க் இல்லாமல் ஒரு முறை நடத்துங்கள். தனித்தனியாக, ரகசியமாக. ஒவ்வொருவரைப் பற்றியும் ‘இவர் தொடர்ந்து செய்ய வேண்டியது ஒன்று, மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்று’ என்று நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். பெயர் இல்லாமல் தொகுத்து அவரவரிடம் கொடுங்கள். திருந்த நேரம் கொடுத்த பிறகு, கடைசியில் மார்க்கோடு ஒரு முறை. இரண்டாம் தடவை நேர்மை கூடியிருக்கும். அப்போதும் எல்லாருக்கும் ஐந்து போட்ட குழுவை ரிவ்யூவில் கொஞ்சம் அதிகமாகக் கேள்வி கேளுங்கள்.

பிரசன்டேஷன் பற்றி ஒரே ஒரு யோசனை. முதல் முறை ஸ்லைடே வேண்டாம். கரும்பலகை, சாக்பீஸ், மூன்று நிமிஷம். கேட்கும் குழுக்கள் ஒவ்வொன்றும் ஒரு கேள்வி எழுதிக் கொடுக்க வேண்டும், கேள்விக்கு மார்க் உண்டு. இல்லையென்றால் “ஏன்டா மாட்டிவிடுற?” என்ற பயத்தில் யாரும் கேட்க மாட்டார்கள்.

எச்ஓடி சம்மதிப்பாரா என்றும் கேட்டிருந்தீர்கள். என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) தரும் அங்கீகாரத்துக்கான பட்டதாரிப் பண்புகளில் குழுப்பணியும் தகவல் தொடர்பும் தனித்தனியாக இருக்கின்றன. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014ல் நிரந்தர உறுப்பினரானதிலிருந்து அந்தப் பட்டியலை யாரும் தட்டிக்கழிக்க முடியாது. இப்போது பல துறைகளில் இந்த இரண்டு கட்டங்களுக்கும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்காமல் இருப்பது நல்லது. உங்களிடம் ஒப்பந்தத் தாள், வார மூன்று வரி, இரண்டு சுற்று மதிப்பீடு எல்லாம் நிஜமாகவே இருக்கும். ஃபைலுக்கு ஆதாரம் கிடைக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், மறுக்க மாட்டார்.

60 பேரை ஒரே ஆளாகச் சமாளிப்பது எப்படி என்றால்: 15 குழுக்கள். ஒரு பீரியடில் ஐந்து குழுக்களிடம் பத்துப் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடியும். மதிப்பீட்டைக் கூகுள் ஃபார்மில் வாங்கினால் சராசரியும் பெருக்கு எண்ணும் எக்செல் போட்டுத் தந்துவிடும். மூன்று வரித் தாள்களை எல்லாம் படிக்க வேண்டியதில்லை. வாரம் அந்த ஐந்து குழுக்களுடையதை மட்டும் படியுங்கள், எந்த ஐந்து என்பதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். மோட்டார் தாள்களை முதல் வகுப்புக்கு முந்தைய நாளே நாலு நிறக் காகிதத்தில் 15 செட் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் காகிதத்தில் எடுத்தால் எந்தத் தாள் யாருக்கு என்று குழம்பியே பாதி பீரியட் போய்விடும்.